ஹாவர்கோக் மேலே வந்த ஆண்டு

தண்ணீருக்குக் கீழே, ஆனால் நனையாமல், ஓர் ஊர் இருந்தது. நம்புவதற்குக் கடினமாக இருந்தால் ஒரு கிண்ணத்தை எடுத்து, நிறைந்த தொட்டி ஒன்றில் விளிம்பு மட்டும் வெளியே தெரியும்படி மெல்ல அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தின் அடியில் நிற்கும் எறும்பு அண்ணாந்து பார்த்தால் அதற்கு என்ன தெரியுமோ, அதுதான் நெதர்லாந்தின் வடக்கே ஹாவர்கோக் என்ற சின்னஞ்சிறு நகராட்சியில் வாழ்ந்த ஆயிரத்து நூற்று நாற்பது பேருக்கும் தெரிந்தது: சுற்றிலும் ஒரு கரை, கரைக்கு அப்பால் கூரை உயரத்தில் ஒரு கால்வாய், அந்தக் கால்வாயில் படுக்கையறை ஜன்னலுக்கு மேலே மிதந்து போகும் படகுகள், படகுகளுக்கும் மேலே வானம்.

அந்த இடம் முன்பு ஏரியாக இருந்தது. 1631ஆம் ஆண்டு நகரத்திலிருந்து வந்த பதினான்கு வணிகர்கள் ஏரியைச் சுற்றிக் கரை கட்டி, கரைக்கு வெளியே கால்வாய் வெட்டி, கரைமேல் பதினோரு காற்றாலைகளை நிறுத்தி, நான்கு ஆண்டுகள் தண்ணீரை வெளியே இறைத்தார்கள். நான்காம் ஆண்டின் முடிவில் ஏரியின் அடி தெரிந்தது; அதில் இரண்டு படகுகளும் ஒரு தேவாலய மணியும் எண்ண முடியாத அளவு விலாங்கு மீன்களும் கிடந்தன; அதுவரை மீன் பிடித்தவர்கள் வலையை மடித்து வைத்துவிட்டு மாடு வாங்கினார்கள். கரையை அறுபத்திரண்டு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் ஒரு மரக்கட்டையை நட்டு, அதில் ஒரு குடும்பத்தின் எழுத்தைச் செதுக்கினார்கள். அந்தத் துண்டில் ஓர் எலி வளை தோண்டினாலும் அந்தக் குடும்பம்தான் மண்வெட்டியோடு ஓடிவர வேண்டும். ஏரியின் அடிமண் கல்வீட்டைத் தாங்காத மென்மண் என்பதால் ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே நாற்பது ஐம்பது பைன் மரங்களைத் தலைகீழாக அடித்து இறக்கி, அந்த மரங்களின் மேல் வீட்டைக் கட்டினார்கள். தண்ணீருக்குள் நிற்கும்வரை அந்த மரம் உளுத்துப்போகாது. இதை ஊரில் எல்லோரும் அறிவார்கள், தங்கள் ரத்த வகையை அறிவதுபோல; எப்போதாவது தேவைப்படும் என்று.

அன்றிலிருந்து நானூறு ஆண்டுகளாக ஹாவர்கோக் செய்துவந்த ஒரே வேலை, உள்ளே வரும் தண்ணீரை வெளியே தள்ளுவது. முதலில் காற்றாலை தள்ளியது, பிறகு நீராவி, பிறகு டீசல், பிறகு மின்சாரம். மழை பெய்தாலும் தள்ள வேண்டும், பெய்யாவிட்டாலும் தள்ள வேண்டும், ஏனென்றால் கரைக்கு அடியால் கால்வாய் எந்நேரமும் ஊறி வந்துகொண்டிருந்தது. கரைமேல் இருந்த பம்ப் நிலையத்தில் மூன்று பெரிய இரும்புத் திருகுகள் பக்கம் பக்கமாகச் சுழன்று, கீழே இருந்த வாய்க்கால் தண்ணீரை மேலே இருந்த கால்வாய்க்கு ஏற்றின. அந்தச் சத்தத்தில்தான் ஊரில் குழந்தைகள் தூங்கின, கல்யாணங்கள் நடந்தன, தகராறுகள் தொடங்கி முடிந்தன.

பம்பைப் பார்த்துக்கொண்டவர் குலசிங்கம். உரும்பிராயில் வெங்காயத் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் மெசின்களைத் திருத்திக்கொண்டிருந்தவர், போர் துரத்தியதில் நாடு நாடாகக் கடந்து, இருபத்தாறு வருடங்களுக்கு முன் ஹாவர்கோக்குக்கு வந்துசேர்ந்தார். வந்த மாதமே நின்றுபோன டீசல் மெசின் ஒன்றைக் காதால் கேட்டே திருத்திக் கொடுத்ததால், ஊர் அவருக்குப் பம்ப் நிலையத்தின் சாவியையும், அதோடு ஒட்டியிருந்த சிறிய செங்கல் வீட்டையும் கொடுத்தது. பம்பைப் பார்ப்பவருக்கு அந்த வீடு என்பது அங்கே பழைய வழக்கம். ஊரார் அவரைக் குலா என்றார்கள். அவருடைய மனைவி தேவமலர் முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். வீட்டின் பின்னால் கண்ணாடிக் கொட்டகை போட்டு முருங்கை வைத்தார். மூன்று முருங்கைகள் குளிரில் செத்தன. நான்காவதை மோட்டாரின் சூட்டைக் கொண்டுபோகும் குழாயோடு ஒட்டி வைத்தார், அது பிழைத்து, கண்ணாடியைத் தொட்டு, வளைந்து, மறுபடியும் கீழே வந்தது. உலகத்திலேயே பம்ப் ஓடுவதால் காய்க்கிற முருங்கை அது ஒன்றுதான் என்று தேவமலர் சொல்வார்.

மார்ச் பதினோராம் தேதி செவ்வாய்க்கிழமை காலை, ஹாவர்கோக் ஐந்து சென்டிமீட்டர் மேலே வந்தது.

குலசிங்கத்துக்குத்தான் முதலில் தெரிந்தது, பம்புக்கு அன்று வேலை குறைந்திருந்தது. புதன்கிழமை இன்னொரு ஐந்து. வியாழக்கிழமை அவர் சைக்கிளில் தேவாலயத்துக்குப் போனார். அதன் சுவரில் ஒரு வெண்கல ஆணி உண்டு. கடல்மட்டத்திலிருந்து ஊர் எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை அந்த ஆணியை வைத்துத்தான் அளப்பார்கள். நான்கு மீட்டர் இருபது என்று பள்ளிக்கூடத்தில் மூன்று தலைமுறை மனப்பாடம் செய்த எண் இப்போது நான்கு மீட்டர் ஐந்தாக இருந்தது. அவர் அதை அணைக்கரை வாரியத்தின் தலைவரும் அறுபது மாடுகளின் சொந்தக்காரருமான ஹார்மனிடம் சொன்னார், ஹார்மன் மேயர் ஆலீடாவிடம் சொன்னார், மேயர் நகரத்திலிருந்து ஒரு நில அளவையாளரை வரவழைத்தார். அவர் ஆணியில் கோலை மூன்று முறை தொங்கவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, நாளொன்றுக்குச் சரியாக ஐந்து என்று எழுதிக்கொடுத்து, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

நகராட்சிக் கூட்டத்தில் அது ஏழாவது விஷயமாக வந்தது. ஆறாவது விஷயமான பள்ளிக்கூடச் சைக்கிள் நிறுத்தத்துக்கு நாற்பது நிமிடம் பிடித்தது; இதற்கு எட்டு.

"நாம் கேட்டோமா?" என்றார் மேயர்.

"இல்லை," என்றார் ஹார்மன்.

"நிறுத்த முடியுமா?"

"எதைப் பிடித்து நிறுத்துவது?"

"அப்படியானால் குறித்துக்கொள்வோம். எட்டாவது விஷயம்."

ஊர் உயர்ந்தது. தட்டில் வைத்த மாவு பொங்குவதுபோல, ஓசையில்லாமல், ஒரு கண்ணாடி ஜன்னல்கூட அதிராமல், கரையும் கரைமேலிருந்த பம்ப் நிலையமும் அதே இடத்தில் நிற்க, நடுவிலிருந்த வீடுகளும் மாடுகளும் தேவாலயமும் வளைவில்லாத மூன்று தெருக்களும் மேலே மேலே வந்தன. ஏப்ரலில் படகுக்காரர்களின் முழங்கால்கள் தெரிந்தன, மே மாதத்தில் முகங்கள் தெரிந்தன, நானூறு ஆண்டுகள் தலைக்கு மேல் போன வாத்துகள் கண்ணுக்கு நேரே போயின, தபால்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சைக்கிளில் கியர் மாற்றினார், மாற்றத் தெரியாமல் விழுந்தார், எழுந்து மாற்றினார். சமநிலத்தில் பிறந்த குழந்தைகள் தாங்களே கண்டுபிடித்ததுபோல் உருளக் கற்றுக்கொண்டன. பக்கத்து நகராட்சிகளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வந்து, எங்களுக்கு ஏன் வரவில்லை என்று கேட்கும் முகத்தோடு நடந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஹார்மனின் பசுக்கள் மேய்ச்சலை நிறுத்தி, எல்லாம் ஒரே திசையில் திரும்பி, அதுவரை மணத்தால் மட்டும் அறிந்திருந்த கடலைப் பார்த்துக்கொண்டு நின்றன. பால் கொஞ்சம் குறைந்தது, பரவாயில்லை, அவையும் பார்க்கட்டும் என்றார் ஹார்மன்.

ஜூன் இரண்டாம் தேதி, எண்பத்து நான்காம் நாள், ஆணி பூச்சியத்தைக் காட்டியது. ஊர் கடலுக்குச் சமமாக வந்துவிட்டது. மேளம் கொட்டினார்கள், கொடி கட்டினார்கள், நீலக் கரை போட்ட பெரிய கேக்கைக் கரைமேல் வைத்து வெட்டினார்கள். பிறகு மேயர் பம்ப் நிலையத்துக்குள் போய், நானூறு ஆண்டுகளில் முதல் தடவையாக, வேண்டுமென்றே, பம்பை நிறுத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் ஒரு சத்தம் கேட்டது. அது என்னவென்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். அது சத்தம் இல்லாமல் போனதன் சத்தம். ஒரு கைக்குழந்தை அழ ஆரம்பித்தது.

இனித் தண்ணீரைத் தள்ள வேண்டாம். வாய்க்கால்களில் மிச்சமிருந்ததும் ஓடிப்போகட்டும் என்று கரையில் நான்கு இடங்களில் வெட்டி விட்டார்கள். வெட்டியவர்கள் பாடிக்கொண்டே வெட்டினார்கள். தண்ணீர் போவதைப் பார்த்து ஹாவர்கோக்கில் எவரும் எந்தக் காலத்திலும் வருந்தியதில்லை.

ஹார்மன் குலசிங்கத்தைத் தனியே கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் கொடுத்தார். கொடுத்தவர் தன் சப்பாத்துக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசகம் என்னுடையது அல்ல, குலா. கையெழுத்து மட்டும்தான் நான்."

கடிதத்தில் முதல் பாதி முழுக்க நன்றி இருந்தது. இரண்டாம் பாதியில், பம்ப் தேவையற்றுப் போனதால் பம்ப் வீட்டை மூடுவதென்றும், நவம்பர் மாதம் நடக்கும் வருடாந்தக் கூட்டத்தில் இந்தக் கடிதத்தின் வாரியப் பிரதியைப் படித்து இதை உறுதி செய்வார்கள் என்றும், அதிலிருந்து முப்பது நாட்களில் குடியிருப்போர் வெளியேற வேண்டும் என்றும் இருந்தது.

தேவமலர் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார்.

"இஞ்சாருங்கோ, கேக்கும் தந்து கடிதமும் தந்தவையோ?"

"ஓம். கேக் நல்லாயிருந்தது."

"பகிடி விடாதேங்கோ. இருபத்தாறு வருசம். எங்க போறது? இந்த மரம் எங்க போறது? மோட்டர் நிண்டால் குழாய் குளிரும். குழாய் குளிர்ந்தால் இது கார்த்திகை தாங்காது."

"நீர் அவசரப்படாதையும். நவம்பருக்கு இன்னும் எவ்வளவு நாள் கிடக்கு."

"நீங்கள் ஒருக்கா வாய் திறந்து கேட்டால் என்ன?"

"என்னண்டு கேக்கிறது? ஊருக்கு நல்லது நடந்திருக்கு மலர். நல்லது நடக்கேக்குள்ள போய் எனக்கு வீடு வேணும் எண்டு கேக்கிறதோ?"

அடுத்த நாளிலிருந்து தேவமலர் வேலையால் வரும்போது இடைக்கிடை ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். முதல் பெட்டியில் இடியப்ப உரலை வைத்து ஒட்டினார்.

ஊர் நிற்கவில்லை. ஜூன் கடைசியில் கடலைவிட ஒரு மீட்டர் மேலே, பிறகு இரண்டு, பிறகு மூன்று. பம்ப் வீட்டின் சமையலறை ஜன்னலிலிருந்து கூரைகளைக் கீழே பார்த்துப் பழகிய தேவமலர், இப்போது அண்ணாந்து பார்த்தார். கோடை நன்றாகக் காய்ந்தது. வாய்க்கால்கள் வெடித்தன. மாடுகளுக்குக் குழாயில் தண்ணீர் கொடுத்தார்கள். மேட்டு நிலத்தார் என்று தங்களைச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்திருந்த மக்களுக்கு அதுகூட ஒரு பெருமையாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் தொடக்கத்தில், கிரீட் நடத்திய கஃபேயில், ஒரு மத்தியானம், சிவப்புப் பந்து ஓடியது.

கிரீட்டின் கஃபேயில் பைகள் இல்லாத பழைய பில்லியர்ட் மேசை ஒன்று உண்டு. ஊரின் எல்லாத் தகராறுகளும் அதன்மேல்தான் தீரும். ஹார்மன் குறிபார்த்து, மூச்சைப் பிடித்து, கோலை இழுத்தார். அவர் தொடுவதற்கு முன்பே சிவப்புப் பந்து மெதுவாகக் கிளம்பித் தென்மேற்கு மூலைக்குப் போய்ச் சேர்ந்தது.

"மேசை சாய்ந்திருக்கிறது," என்றார் ஹார்மன்.

"முப்பது வருடமாகத் தோற்கிறாய், இன்றைக்குத்தான் மேசை சாய்ந்ததா?" என்றாள் கிரீட். "சாய்ந்தது உன் ஆட்டம்."

"நீயே வைத்துப் பார்."

கிரீட் வைத்தாள். பந்து போனது. மஞ்சளை வைத்தாள். அதுவும் போனது. மூன்று பந்தும் மூலையில் கூடி நின்றன, குளிரில் ஆடுகள் நிற்பதுபோல.

ஹார்மன் சட்டைப்பையைத் துழாவி, கிடைத்த காகிதத்தை எட்டாக மடித்து மேசையின் காலுக்கடியில் செருகினார். பந்து நின்றது. அந்தக் காகிதம், கோப்பில் சேர்க்க மனம் வராமல் அவர் இரண்டு மாதமாகச் சுமந்து திரிந்த, பம்ப் வீட்டுக் கடிதத்தின் வாரியப் பிரதி என்பது அவருக்கு மட்டும் தெரியும். காலுக்கடியில் போனதும் மார்பு லேசானதுபோல் இருந்தது. அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தார்.

ஆனால் அடுத்த வாரம் பந்து மறுபடியும் ஓடியது. இன்னொரு அட்டை செருகினார்கள். பேக்கரியின் கதவு திறக்க மறுத்தது. தேவாலயக் கடிகாரத்தின் ஊசல் சுவரில் உரசி நின்றது. மேயரின் வீட்டுச் சுவரில் விரல் நுழையும் வெடிப்பு. எல்லோரும் கதவைச் சீவினார்கள், கடிகாரத்தை நகர்த்தினார்கள், வெடிப்பைப் பூசினார்கள். ஒருவரும் மற்றவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கஃபேயின் குளிர்பெட்டி மோட்டாரைத் திருத்த வந்த குலசிங்கம், மேசைக்கால்களின் கீழிருந்த அட்டைகளைப் பார்த்தார். வெளியே போனார். தென்மேற்கு மூலையில் சுவரோரமாக இடுப்பளவு குழி தோண்டினார். ஹார்மனும் கிரீட்டும் மேயரும் வந்து சுற்றி நின்றபோது, பைன் மரத்தின் தலை தெரிந்தது. கறுத்து, காய்ந்து, காற்றுப்பட்டு நின்றது. குலசிங்கம் சுட்டுவிரலை வைத்து அழுத்தினார். விரல் கேக்கில் இறங்குவதுபோல் முதல் மூட்டுவரை இறங்கியது.

மேயர் குழியின் விளிம்பில் குந்தி அந்த ஓட்டையைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார் மேயர்.

"எனக்கும்," என்றாள் கிரீட்.

"எல்லோருக்கும்தான் தெரியும்," என்றார் ஹார்மன். "எனக்குத் தெரியும் என்றால் உனக்கும் தெரியும்தானே, நீ சொல்வாய் என்று இருந்தேன்."

ஊர் மேலே வந்தபோது தண்ணீர் அதோடு வரவில்லை. பிழிந்த பஞ்சுபோல் மண் காய்ந்து, நானூறு வருடம் கெடாமல் நின்ற மரங்களை ஒரு கோடை தின்னத் தொடங்கியிருந்தது. இன்னொரு கோடை போனால் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாயும்.

அன்று பின்னேரமே கூட்டம் கூடியது. தண்ணீரை மேலே கொண்டுவர வேண்டும் என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. ஆனால் கரை உடைந்தால் எத்தனை நிமிடத்தில் எத்தனை மண்மூட்டை வேண்டும் என்று தூக்கத்திலும் சொல்லக்கூடிய அந்த மக்களில் ஒருவருக்கும், தண்ணீரை எப்படி உள்ளே அழைப்பது என்று தெரியவில்லை. அவர்கள் அதுவரை அதைப் போ என்று மட்டுமே சொல்லியிருந்தார்கள். சிலர் மெல்லத் திரும்பி, கதவோரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற குலசிங்கத்தைப் பார்த்தார்கள்.

"நான் பிறந்த ஊரில் ஆறு இல்லை," என்றார் குலசிங்கம். "தண்ணீர் கிணற்றுக்குள் கிடக்கும், தோட்டம் மேலே கிடக்கும். மேலே கொண்டுவருவதுதான் அங்கே வேலை. ஒரே ஏற்றலில் வராது. மூன்று ஏற்றலில் வரும்."

அவர் மூன்று தேநீர்க் கோப்பைகளைப் புத்தகங்களின் மேல் படிபோல் வைத்துக் காட்டினார். பக்கம் பக்கமாக நிற்கிற மூன்று திருகுகளில் ஒன்றைப் பம்ப் வீட்டிலேயே விட்டு, திசையை மாற்றி, கால்வாயில் இறக்குவது; மற்ற இரண்டையும் மேட்டின் சரிவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வைப்பது; நடுவில் இரண்டு தொட்டி; உச்சியிலிருந்து பழைய வாய்க்கால்கள் வழியே வீடுவீடாக, முறை வைத்து.

வீட்டுக்கு வந்து சொன்னபோது தேவமலர் பதினோராவது பெட்டியை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"எங்களை எழும்பச் சொன்ன ஆக்களுக்கோ?"

"ஓம்."

"கடிதத்தைத் திருப்பி எடுக்கிறம் எண்டு ஆரும் சொன்னவையோ?"

"சொல்லேல்லை."

"நீங்களும் கேக்கேல்லை."

"கேட்டால் விலை பேசின மாதிரி இருக்கும். அந்த மரத்தில விரல் இறங்கினதை நீர் பார்க்கேல்லை. மண்ணுக்குள்ள நிக்கிற மரத்துக்குக் கடிதத்தைப் பற்றி என்ன தெரியும்?"

தேவமலர் நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தார். "சாப்பாடு கட்டித் தாறன். வெளிக்கிடுங்கோ," என்றார்.

ஐந்து வாரம் ஊர் முழுக்க வெட்டியது. கரையைப் பிரித்த அறுபத்திரண்டு கட்டைகளையே குலசிங்கம் தண்ணீர் முறைக்கும் எடுத்துக்கொண்டார். கட்டையில் யாருடைய எழுத்தோ, அவர்கள் அந்தக் கட்டைக்கு நேரே மேலே போகும் வாய்க்காலை வெட்டினார்கள். ஜூனில் பாடிக்கொண்டு கரையை வெட்டித் திறந்தவர்கள் செப்டம்பரில் பேசாமல் அதை அடைத்தார்கள். பேக்கரிக்காரர் ரொட்டி கொண்டுவந்தார், தேவமலர் கொண்டுவந்த கத்தரிக்காய்க் கறியை ஹார்மன் ரொட்டியில் தடவித் தின்று, கண்ணீர் வழிய, நன்றாயிருக்கிறது என்று சொல்லி இரண்டாவது துண்டையும் நீட்டினார். அவர்கள் வெட்டிக்கொண்டிருக்கும்போதே ஊர் நாளுக்கு ஐந்து சென்டிமீட்டர் உயர்ந்துகொண்டிருந்தது. குலசிங்கம் ஒவ்வொரு காலையும் கணக்கைத் திருத்திக்கொண்டே இருந்தார்.

செப்டம்பர் இருபத்து இரண்டு, திங்கட்கிழமை, ஆணி கடலுக்கு மேலே ஐந்து மீட்டர் அறுபது காட்டிய காலையில், குலசிங்கம் பம்பைப் போட்டார். சத்தம் திரும்பி வந்தது. முதல் திருகு கால்வாயை அள்ளி முதல் தொட்டியில் ஊற்றியது, இரண்டாவது அதை இரண்டாவது தொட்டிக்கு ஏற்றியது, மூன்றாவது உச்சிக்கு ஏற்றியது. ஊர் முழுவதும் வாய்க்காலின் இருபுறமும் மண்வெட்டியோடு வரிசையாக நின்றது. தண்ணீர் நுரைத்துக்கொண்டு, காய்ந்த இலைகளைத் தள்ளிக்கொண்டு, முதல் தெருவின் முனையில் தலை காட்டியது.

அப்போது நடந்ததை இன்றும் அந்த ஊரில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். தண்ணீரைக் கண்டதும், நானூறு வருடப் பழக்கத்தில், யாரும் யோசிக்காமல், மேயர் ஆலீடா மண்ணை வாரிப் போட்டார். பேக்கரிக்காரர் மூட்டையைத் தூக்கி எறிந்தார். ஹார்மன் வாய்க்காலுக்குள்ளேயே குதித்து இரண்டு பூட்ஸையும் சேர்த்து வைத்து அடைத்துக்கொண்டு நின்றார். ஐந்து வாரம் வெட்டியதை அரை நிமிடத்தில் அடைத்துவிட்டார்கள். உச்சியிலிருந்து கைகளை ஆட்டிக்கொண்டு ஓடிவந்த குலசிங்கத்துக்கு அந்தக் கணத்தில் அவர்களுடைய மொழி மறந்துபோனது.

"விடுங்கோ! விடுங்கோ! வரட்டும்! வரட்டும்!"

அவர்களுக்கு அந்தச் சொல் புரியவில்லை, ஆனால் அந்தக் குரல் புரிந்தது. ஹார்மன் தன் பூட்ஸைப் பார்த்தார், முகம் சிவந்தார், ஒரு காலைத் தூக்கினார், பிறகு மற்றக் காலையும். தண்ணீர் அவரைத் தாண்டிப் போனது. யாரோ ஒரு சிறுமி வரட்டும் என்று கத்தினாள். பிறகு தெரு முழுக்க, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு, மடையைத் திறக்கத் திறக்க, ஆயிரம் பேர் தங்களுக்குத் தெரியாத மொழியில் வரட்டும், வரட்டும் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது ஊர் ஒரு நீண்ட மூச்சு விட்டதுபோல் இருந்தது.

அடுத்த நாள் காலை ஆணி ஐந்து மீட்டர் அறுபதையே காட்டியது. அதற்கடுத்த நாளும் அதே. ஏன் நின்றது என்று யாரும் கேட்கவில்லை. ஏன் வந்தது என்றும் கேட்கவில்லைதானே. நகராட்சி அதை ஒன்பதாவது விஷயமாகக் குறித்துக்கொண்டது.

கடிதம் மட்டும் அப்படியே இருந்தது. அதைத் திரும்பப் பெறுகிறோம் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லுங்கள் என்று குலசிங்கம் கேட்கவில்லை. தேவமலரின் பெட்டிகள் பதினெட்டாகி, சமையலறையில் இரண்டு தட்டும் ஒரு சட்டியும் மட்டும் மிஞ்சின. நவம்பர் பதினொன்று வந்தது. வருடாந்தக் கூட்டம் வழக்கம்போல் கிரீட்டின் கஃபேயில், பில்லியர்ட் மேசையைச் சுற்றி நடந்தது.

"நான்காவது விஷயம், பம்ப் வீடு," என்றார் மேயர். எதையும் ஒழுங்கோடு செய்பவர் அவர். இதைச் சொல்லும்போது மட்டும் குரல் ஒழுங்காக வரவில்லை. "நகரத்து நிறுவனம் ஒன்று எழுதியிருக்கிறது. மூன்று பம்புகளையும் தொலைவிலிருந்தே கணினியில் ஓட்டித் தருவார்களாம். வீட்டில் ஆள் இருக்கத் தேவையில்லையாம். ஆகவே ஜூனில் எடுத்த முடிவு நிற்கலாம், மாறலாம். முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள்."

கதவோரம் நின்ற குலசிங்கம் தரையைப் பார்த்தார். ஹார்மன் எழுந்தார்.

"எனக்கு ஒரே கேள்வி. நான் மறுபடியும் வாய்க்காலுக்குள் குதித்து அடைத்துக்கொண்டு நின்றால், அந்த நிறுவனம் 'வரட்டும்' என்று கத்துமா?"

சிரிப்பு எழுந்தது. அது அடங்கியபின் பலர் திரும்பிக் கதவோரம் பார்த்தார்கள்.

"அது கடிதத்தில் இல்லை," என்றார் மேயர் கவனமாக. "சரி. விதிப்படி, உறுதி செய்ய வாரியத்தின் பிரதி வேண்டும். எங்கே?"

ஹார்மன் மேசையின் தென்மேற்குக் காலைக் காட்டினார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். தண்ணீர் திரும்பியபின் கஃபே மேலும் சாயாமல் நின்றுவிட்டது. மற்ற அட்டைகளை எடுத்தாயிற்று. அந்த மூலையில் மரம் உளுத்தது உளுத்ததுதான் என்பதால், எட்டாக மடித்த அந்த ஒரு காகிதம் மட்டும் இருந்தது.

"எடுக்கலாம்," என்றார் மேயர்.

"எடுத்துப் பாருங்கள்," என்றாள் கிரீட், கைகளைக் கட்டிக்கொண்டு.

நாலுபேர் மேசையைத் தூக்க, ஹார்மன் காகிதத்தை உருவினார். கிரீட் சிவப்புப் பந்தை நடுவில் வைத்தாள். அது ஒரு கணம் நின்று, கிளம்பி, மூலைக்குப் போனது. ஹார்மன் காகிதத்தை மறுபடி செருகினார். பந்தை வைத்தாள். நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அது நின்றுகொண்டே இருந்தது.

மேயர் பேனாவைத் திறந்தார். "பிரதி வேறு வேலையில் இருக்கிறது," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "அந்த வேலை முடியும்வரை முடிவு செல்லாது. கை தூக்குங்கள்."

தூக்காத கை ஒன்றுகூட இல்லை. குலசிங்கம் தொப்பியைப் போட்டார், கழற்றினார், மறுபடியும் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

மேட்டின் சரிவில், அறுபத்திரண்டு வாய்க்கால்களையும் தாண்டி, அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கொட்டகையில் குழாய் சூடாக இருந்தது. தேவமலர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். குலசிங்கத்தைக் கண்டதும் கேட்டார்.

"என்ன சொன்னவை?"

"கடிதம் மேசைக்குக் கீழ கிடக்கு. கிடக்கட்டாம்."

"மேசை ஆடேல்லையோ?"

"இல்லை. நிண்டிட்டுது."

தேவமலர் எழுந்தார். உட்கார்ந்திருந்த பெட்டியை விட்டுவிட்டு, மூலையில் எல்லாவற்றுக்கும் அடியிலிருந்த முதல் பெட்டியை இழுத்து, கத்தரிக்கோலால் நாடாவை நீளமாக வெட்டி, இடியப்ப உரலை எடுத்தார்.

"மாவு குழைக்கப் போறன்," என்றார். "தண்ணி கொண்டு வாங்கோ."